தூங்கினால் கார் எழுப்புமா?

கேள்வி: அடாஸ் லெவல் 2 (ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் காரே கவனித்துக்கொண்டாலும் ஓட்டுநர் விழிப்பாக இருக்க வேண்டிய உதவி வசதி) கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஓட்டுநரின் கவனத்தைக் கண்காணிக்கும் வசதி இருக்கிறது, கண் அசந்தால் எழுப்பிவிடும் என்கிறார் ஷோரூம்காரர். நம்பலாமா?

பதில்: எதை வைத்துக் கண்காணிக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஒரே பெயரில் இரண்டு வகை விற்பனையில் இருக்கிறது. ஒன்று, ஸ்டீயரிங் அசைவையும் வண்டி லேனுக்குள் அலைவதையும் வைத்துக் களைப்பை ஊகித்து, ஓய்வெடுக்கச் சொல்லி காபி கப் படம் காட்டுவது. கண் மூடியது அதற்குத் தெரியாது. கோடு அழிந்த சாலையிலும் ஊருக்குள் மெதுவாகப் போகும்போதும் பெரும்பாலும் சும்மா இருந்துவிடும். இன்னொன்று கேமரா வகை. இமையையும் பார்வை போகும் திசையையும் நேரடியாகப் பார்ப்பது இதுதான்.

கேமரா ஸ்டீயரிங்குக்குப் பின்னால், மீட்டர் பக்கத்தில் அல்லது முன்கண்ணாடி ஓரத் தூணில் இருக்கும். இருட்டிலும் தெரிவதற்காக அகச்சிவப்பு எல்இடி வைத்திருப்பார்கள். காரை ஸ்டார்ட் செய்து, செல்போனின் செல்ஃபி கேமராவை அந்தப் பக்கம் காட்டினால், பல போன்களில் மங்கலான ஊதாப் புள்ளி தெரியும்.

ஐரோப்பாவில் 2024 ஜூலை 7 முதல் புது மாடல்களுக்கு, பார்வை சாலையை விட்டு விலகினால் எச்சரிக்கும் வசதி கட்டாயம். மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் போகும்போது பார்வை கீழேயே 3.5 விநாடி நின்றால் எச்சரிக்க வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் அதற்குள் கார் 97 மீட்டர் ஓடிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாவிட்டால் கார் என்ன செய்யும்? யூசர் மேனுவலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சில கார்கள் ஹசார்டு விளக்கைப் போட்டு மெல்ல நிறுத்தும். சில, லேன் உதவியை அணைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தூங்கிப்போனவருக்கு அது உதவியே இல்லை. இதை டெஸ்ட் டிரைவில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு கையாலும் பிடித்திருக்கும்போதே ‘ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள்’ என்று கார் கத்துகிறது. அதை நிறுத்த, ஆன்லைனில் விற்கும் எடையை ஸ்டீயரிங்கில் மாட்டலாமா?

பதில்: மாட்டாதீர்கள். பல கார்களில் சென்சார் அளப்பது கை தொடுவதை அல்ல, திருப்பு விசையை. நேரான சாலையில் இரு கையும் சமமாகப் பிடித்தால் விசை பூஜ்யம். ஒரு கையின் கனம் லேசாக ஒரு பக்கம் இழுக்கும்படி பிடித்தாலே போதும். தொடுதலை உணரும் ஸ்டீயரிங் என்றால், கடையில் போட்ட தடிமனான கவரைக் கழற்றிப் பாருங்கள். நம் ஊரில் பாதிப் புகாருக்கு அதுவே காரணமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

எடை மாட்டினால் கை இருப்பதாகக் கார் நம்பிவிடும், கடைசிப் பாதுகாப்பும் போய்விடும். இப்படி ஒரு கருவியை விற்ற நிறுவனத்தை 2018இல் அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு விற்பனையை நிறுத்தச் சொன்னது.

கேள்வி: கூலிங் கிளாஸ் போட்டால் கேமராவுக்குக் கண் தெரியுமா?

பதில்: பெரும்பாலான கண்ணாடிகளில் அகச்சிவப்பு ஊடுருவும், தெரியும். அதைத் தடுக்கும் பூச்சுள்ளவற்றில் தெரியாது. அப்போது தலை திரும்பும் கோணத்தை மட்டும் வைத்துக் கணிக்கும். உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே டெஸ்ட் டிரைவ் போங்கள். தொப்பி போடும் பழக்கம் இருந்தால் அதையும் சேர்த்து.