கம்பளம் நீல நிறம்

கேள்வி: 2025 மே மாதம் நியூயார்க்கில் நடந்த மெட் காலா ஃபேஷன் விழாவில் நடிகர் ஷாருக்கான், பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசாஞ்ச் இருவரும் சிவப்புக் கம்பளத்தில் நடந்தார்களே, யார் உடை உங்களுக்குப் பிடித்தது?
– ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: முதலில் அந்தக் கம்பளம் சிவப்பு இல்லை, அம்மா. அந்த வருடம் கருநீலம். அதன்மேல் வெள்ளைப் பூக்கள். ஆஸ்கர்கூட 2023இல் சிவப்பை விட்டு ஷாம்பெயின் நிறத்துக்குப் போனது. 1961க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நிறம் எதுவானாலும் பெயர் மட்டும் ‘சிவப்புக் கம்பளம்’ என்றே நின்றுவிட்டது.

சரி, நிறம் போகட்டும். பழைய வாசகர்களுக்குத் தெரியும், துணியைப் பற்றி யார் கேட்டாலும் நெய்தவரிலிருந்துதான் நான் தொடங்குவேன். அந்தக் கம்பளம் நெய்யப்பட்டது கேரளத்தில், ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலையில். மடகாஸ்கரிலிருந்து வந்த சிசல் நார். நம் ஊரில் ரயில் பாதையோரம் ஆள் உயரத்துக்கு நிற்குமே கற்றாழை, அதன் உறவு. 480 பேர் 90 நாள் வேலை செய்து 57 சுருள், 6,840 சதுர மீட்டர் நெய்து அனுப்பினார்கள். தென்னைநார்ப் பாய் நெய்யும் ஆலை 1859இலேயே வந்த ஊர் ஆலப்புழை. உலகத்து வாசற்படிகளுக்கெல்லாம் மிதியடி நெய்த வட்டாரம் அது. நட்சத்திரங்களின் செருப்பு எந்த பிராண்டு என்று எழுதித் தள்ளியவர்கள், செருப்புக்குக் கீழே இருந்ததையும் கொஞ்சம் குனிந்து பார்த்திருக்கலாம்.

அந்த வருட விழாவின் பொருளே கறுப்பின மக்களின் தையலும் உடுத்தும் பாங்கும்தான். எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் ஆன் லோ. அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்த கறுப்பின உடை வடிவமைப்பாளர். பாட்டி அடிமையாக இருந்த தையற்காரி; அம்மாவும் தையற்காரி. 1947இல் ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் ஆஸ்கர் வாங்க மேடையேறியபோது உடுத்தியிருந்த, பூக்களைக் கையால் வரைந்த கவுன் இவர் வேலை. ஆனால் லேபிளில் இருந்தது இவர் பெயர் இல்லை, சோனியா ரோசன்பர்க் என்ற வேறொருவர் பெயர்.

1953இல் ஜாக்குலினுக்கும், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் கென்னடிக்கும் கல்யாணம். உடைகள் தைக்கும் வேலை ஆன் லோவுக்கு. அதற்குப் பத்து நாள் இருக்கும்போது ஆன் லோவின் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. மணப்பெண்ணின் உடை போயிற்று, தோழிகளின் உடைகளிலும் பெரும்பாலானவை போயின. மறுபடி துணி வாங்கி, ஆள் சேர்த்து, ராப்பகலாக உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாகத் தைத்து முடித்தார். லாபம் போய் 2,200 டாலர் நஷ்டம். அந்தக் குடும்பத்திடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கல்யாணம் முடிந்ததும் பத்திரிகைகள் அந்த உடையை முழம் முழமாக வர்ணித்தன. தைத்தவர் பெயர் ஏறக்குறைய எதிலும் இல்லை. நானும் பத்திரிகைக்காரன்தான். அதனால் இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருவது பணக்காரர்கள் மேல் இல்லை, என் தொழில் மேல்.

இந்த விஷயத்தில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. பட்டுச்சேலை விளம்பரத்தில் நடிகையின் பெயரை இத்தனை பெரிதாகப் போடுகிறீர்களே, ஓரமாக நெசவாளர் பெயரையும் போடுங்கள் என்றேன். “போட்டால் நாளைக்குக் கூலி கூடக் கேட்பார்” என்றார். கேட்கட்டுமே என்றேன். அதற்கப்புறம் அவர் நமக்கு விளம்பரம் தருவதில்லை. என் கருத்தும் மாறவில்லை.

இப்போது தெருவுக்கு ஒரு வீட்டிலாவது ஸ்டாண்டில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி வைத்த ஊசியால் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். முதுகு ஒடியும் வேலை. கல்யாண ஆல்பத்தில் மேக்கப் போட்டவர் பெயர் வருகிறது, போட்டோ எடுத்தவர் பெயர் வருகிறது. இவர்கள் பெயர் எங்கே?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தது தில்ஜித்தின் உடை. மேலங்கியின் முதுகில் பஞ்சாபின் வரைபடத்தையும் பஞ்சாபி எழுதும் குர்முகி எழுத்துகளையும் சுமந்து போனார், அதற்காக.

அப்புறம் ஒன்று. நம் தீபாவளி மலர் அட்டையில் வரப்போகும் பெண்ணின் ரவிக்கைக்கு ஆரி போட்டவரின் பெயரை, அட்டைப்பட விவரத்தில் முதல் பெயராகப் போடச் சொல்லியிருக்கிறேன்.