கோயில் பலகையில் ஸ்பானிஷ், மோதிரத்தில் இத்தாலியன்: கேள்வி பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்களாம். ஸ்பானிஷ், இத்தாலியன் இரண்டும் ஓரளவு தெரியும் என்று நான் வாய்விட்டதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன.

கோயில் கமிட்டித் தம்பி: அண்ணே, பலகையில் கோயிலுக்கு ஸ்பானிஷில் 'இக்லேசியா' என்று எழுதலாமா?

வேண்டாம், அது மாதா கோயில். மலாயில் 'கெரெஜா' என்கிறோமே, போர்த்துகீசியர் விட்டுப்போன சொல், அதற்கு உறவுக்காரிதான் இந்த இக்லேசியா. 'தெம்ப்லோ' என்று எழுது. இத்தாலியனில் 'தெம்பியோ'.

அதே தம்பி: திருநீறு, பிரசாதம்?

திருநீற்றை வெறும் 'செனிஸா' என்றால் அவர்களுக்குச் சாம்பல் புதன்தான் நினைவுக்கு வரும். அது கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் நாள், 'நீ மண்' என்று நினைவூட்டிச் சாம்பல் இடுவார்கள். நமக்கோ பட்டை போடுவது மங்கலம். அதனால் 'விபூதி' என்றே எழுதி, 'ஆசீர்வாதமாக நெற்றியில் பூசுவது' என்று ஸ்பானிஷில் ஒரு வரி சேர்த்துவிடு. பிரசாதத்துக்கு நீ எழுதி வைத்திருக்கும் 'ஓஸ்தியா'வை முதலில் அழி! அது மாதா கோயில் திருப்பலியில் தரும் அப்பம். போதாக்குறைக்கு, ஸ்பெயின்காரர் கோபம் வந்தால் திட்டுவதும் அதே சொல்லால்தான். சர்க்கரைப் பொங்கல் அண்டாவுக்குப் பக்கத்தில் அது நின்றால் எப்படி இருக்கும்? 'கொமிதா பெந்திதா', ஆசீர்வதித்த உணவு, போதும்.

செம்பனைத் தோட்டத்து அக்கா: மகள் கல்யாண மோதிரத்தில் 'விசுவாசம்' என்று இத்தாலியனில் பொறிக்க வேண்டும் தம்பி.

'ஃபேதே'. ஆனால் அக்கா, இத்தாலியர் கல்யாண மோதிரத்தையே ஃபேதே என்பார்கள். மோதிரத்தில் 'மோதிரம்' என்று பொறித்த கதையாகிவிடும். ஸ்பானிஷில் 'ஃபே', இரண்டே எழுத்து. தட்டாருக்குக் கூலியும் குறைவு.

மாதா கோயில் பாடகர் குழு ஆண்ட்டி: பரலோக மந்திரத்தை இத்தாலியனில் சொல்ல ஒரு பழைய தாள் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும் அந்தச் செபத்தில் ஒரு வரியைப் பாருங்கள். பழையதில் 'எங்களைச் சோதனைக்குள் கொண்டுபோகாதேயும்' என்று பொருள்படும் 'நோன் ச்சி இந்துர்ரே' இருக்கும். பெற்ற தகப்பன் அப்படிச் செய்வாரா என்று 2017இல் போப் பிரான்சிஸே குறைப்பட்டார். இத்தாலியில் 2020 நவம்பர் 29 முதல் திருப்பலியில் 'நோன் அபந்தொனார்ச்சி', அதாவது சோதனையில் எங்களைக் கைவிடாதேயும். ஸ்பானிஷில் 'சோதனையில் விழ விடாதேயும்' என்றுதான் முன்பிருந்தே சொல்கிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

பெயர் போடாத ஒருவர்: ஆமென்?

இரண்டிலும் ஆமென்தான். போய்த் தூங்குங்கள்.