எண்பதாம் கல்யாணமும் ஆராய்ச்சி நன்கொடையும்

கேள்வி: எங்கள் அப்பச்சிக்குப் பல வருஷமாகப் பார்க்கின்சன் நோய். வரும் தை மாதம் எண்பதாம் கல்யாணம். விருந்தைச் சுருக்கி, மிச்சமாகும் பணத்தை இந்த நோய் ஆராய்ச்சிக்குக் கொடுக்க நானும் தம்பியும் நினைக்கிறோம். பெரியப்பச்சியோ, "அது கடலில் கரைத்த பெருங்காயம், அன்னதானம் போடுங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது? எங்கே கொடுப்பது?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: கொடுங்கள், ஆச்சி. தயங்க வேண்டாம்.

அன்னதானத்தில் இலை நிறைவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆராய்ச்சியில் அது முடியாது. பெரியப்பச்சியின் மனக்குறை அதுதான். அப்பச்சி தினமும் போடும் லெவோடோபா மாத்திரை வந்த கதையை அவர்களிடம் சொல்லுங்கள். ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியது 1817இல். வியன்னாவில் ஹார்னிகீவிச் என்ற ஆராய்ச்சியாளர், இறந்த நோயாளிகளின் மூளையைச் சோதித்து, உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனம் வெகுவாகக் குறைந்திருப்பதைச் சொன்னது 1960இல். மறு வருஷமே, மூளைக்குள் டோபமைனாக மாறும் லெவோடோபாவை ஊசி மூலம் கொடுத்துப் பார்த்தார்கள். 1967இல் கோட்சியாஸ் என்ற மருத்துவர் அதை வாய்வழியாக, அளவைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து நல்ல பலனைக் காட்டினார். யாரோ செலவழித்த பணம்தான் இன்று அப்பச்சியை எழுந்து நடக்க வைக்கிறது.

ஆனால் அந்த மாத்திரை டோபமைன் குறையை ஈடுகட்டும், அவ்வளவுதான். அதைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிவதை நிறுத்துவதாக நிரூபணமான மருந்து இன்றுவரை இல்லை. காரைக்குடியில் என்னிடம் கை நடுக்கத்தோடு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் உறுத்துகிறது. நடுக்கம் தெரியும் நேரத்தில் டோபமைன் சுரக்கும் செல்களில் பெரும்பகுதி போயிருக்கும். முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கானவர்களை வருஷக்கணக்கில் பின்தொடர வேண்டும். நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் 2000இல் தொடங்கிய அறக்கட்டளை 2010 முதல் அப்படியொரு ஆய்வை நடத்துகிறது. அதில் சேர்ந்தவர்களின் தண்டுவடத் திரவத்தில் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதத்தின் கோளாறைக் கண்டறியும் சோதனை 2023இல் வெளியானது. பணம் போனது பெரும்பாலும் மாதிரிகளைச் சேகரிக்க, உறையவைத்துப் பாதுகாக்க, ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க. பெயர்ப்பலகை மாட்ட இடமில்லாத செலவுகள்!

இங்கே என்றால், பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையில், இறந்தவர்களின் மூளையை ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்கும் மூளை வங்கி இருக்கிறது. அதே ஊரில் இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம், இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பத்து நன்கொடையில் உருவானது. முதுமையில் மறதி ஏன் வருகிறது என்று அறிய, கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்துக் கிராமத்து மக்களை அவர்கள் தொடர்ந்து பரிசோதிக்கிறார்கள். நம் பக்கத்திலும் நடுக்கத்துக்கு அப்படியொரு ஆய்வு வர வேண்டும் என்பது என் ஆசை.

வராது என்று சொல்லாதீர்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். தர்மத்துக்கென்று மகமை எடுத்து வைத்துப் பழகியவர்களுக்கு ஆராய்ச்சி புதுத் தர்மம் இல்லை.

கொடுக்கும்போது, எந்த ஆய்வுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். வருஷம் ஒரு முறை செலவு விவரமும் கேளுங்கள். வரிச்சலுகையை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். ஸ்டெம்செல் ஊசி போட்டுக் குணப்படுத்துகிறோம், இதுவும் ஆராய்ச்சிதான் என்று நோயாளியிடமே லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களுக்கு ஒரு பைசாவும் போகக் கூடாது. முறையான மருந்துப் பரிசோதனையில் பங்கேற்பவரிடம் காசு வாங்க மாட்டார்கள்.

அப்புறம், விசேஷத்தன்று ஒரு விஷயம். மாத்திரை நேரத்தைத் தாளில் எழுதித் தம்பியிடம் கொடுங்கள். பூஜை நீண்டாலும் மாத்திரை தள்ளிப்போகக் கூடாது. பருப்பும் பாலும் மிகுந்த சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் மருந்து சரியாக ஏறாமல் போகலாம். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டல் வந்தால் ஒன்றிரண்டு பிஸ்கட் போதும்.