நான்கும் சரியாகத்தான் தெரிகிறது

அன்புள்ள அண்ணா,

வணக்கம். எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சியில் சேர்ந்தேன். அடுத்த மாதம் சான்றிதழ்த் தேர்வு. பாடம் முழுவதையும் இரண்டு முறை படித்துவிட்டேன். ஆனாலும் மாதிரித் தேர்வில் பாதிக் கேள்விகள் தப்பாகிவிடுகின்றன. கொடுத்திருக்கும் நான்கு விடைகளும் எனக்குச் சரியாகத்தான் தெரிகின்றன. இங்கிலீஷ் வேறு பயமுறுத்துகிறது. அப்பாவோ, "ராத்திரி நேரத்துல வண்டியில போற வேலை பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?" என்கிறார். உங்கள் அக்கா மகள் இந்த வேலையில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த தைரியத்தில் கேட்கிறேன். எப்படிப் படிப்பது?

ப.

அன்புள்ள தங்கைக்கு,

நான்கு விடைகளும் சரியாகத் தெரிகின்றன என்றால் நீங்கள் பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அவை நான்குமே செய்யவேண்டியவைதான். கேள்வி கேட்பது, அவற்றில் எதை முதலில் செய்வீர்கள் என்று. இந்த ஒன்று பிடிபட நாலு மாதம் ஆனது என் அக்கா மகளுக்கு. அந்த நாலு மாதமும் கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவள் பயிற்சிக்கு நோயாளியாக நடித்துப் படுத்துக் கிடந்தவன் நான். மருத்துவம் படித்தவன் அல்ல. அவளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

தொப்பூர் கணவாயையே எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கில் வந்தவர் சாலையில் விழுந்து கிடக்கிறார். தொடையிலிருந்து ரத்தம் பீய்ச்சியடிக்கிறது, பேச்சு மூச்சில்லை. மூச்சுப்பாதையைத் திறப்பதா, ரத்தத்தை நிறுத்துவதா, நாடி பார்ப்பதா, சாலையில் வண்டிகள் நின்றுவிட்டனவா என்று பார்ப்பதா? நீங்கள் அந்தச் சரிவில் பஸ்ஸில் போயிருப்பீர்கள். சேலம் பக்கம் இறங்கும் லாரி பிரேக் பிடிக்காமல் வந்தால், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு வந்தால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. விழுந்தவரைத் தூக்கப் போனவர்கள் மேலேயே அடுத்த வண்டி ஏறும். அதனால் இடம் பாதுகாப்பானதா என்பதுதான் முதலில். புத்தகத்தில் அது ஒரு வரி. நம் பக்கம் அது உயிர்.

அப்புறம்? மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்று வரிசையை மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். பீய்ச்சியடிக்கும் ரத்தம் சில நிமிடத்தில் ஆளைக் கொன்றுவிடும். அதை முதலில் அழுத்தி நிறுத்தவேண்டும். அழுத்தி நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே டூர்னிகெட் என்னும் இறுக்குப் பட்டையைப் போட்டு, போட்ட நேரத்தைக் குறிக்கவேண்டும். அதன் பிறகே மூச்சுப்பாதை. இந்த ஆளை முதலில் கொல்லப்போவது எது என்று ஒவ்வொரு கேள்வியிலும் உங்களையே கேட்டுப் பாருங்கள். நான்கில் இரண்டு விடைகள் தானாக விலகிவிடும்.

இதே கட்டு பாம்புக்கடிக் கேள்வியில் வரும்போது தப்பான விடை. கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டிய இடம் இது. அஞ்செட்டி பக்கம் காட்டுக் கொட்டகையில் தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுகிறார். கடித்த தடம் கண்ணுக்கே தெரியவில்லை, வீக்கமும் இல்லை. ஆனால் இமை தொங்குகிறது. கட்டுவிரியனாக இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவேண்டிய இடம் அந்த இமைதான். அடுத்து தளரப்போவது மூச்சுவிடும் தசைகள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாமே தப்பு. கடிபட்ட கையை அல்லது காலை எலும்பு முறிந்ததுபோல் அசையாமல் கட்டையோடு வைத்துக் கட்டி, நடக்கவிடாமல், மூச்சையே கவனித்துக்கொண்டு விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மூச்சு குறைந்தால் முகமூடியை முகத்தில் வைத்து, அதோடு சேர்ந்த பையை அமுக்கிக் காற்று கொடுக்கவேண்டும். ரோடு இல்லாத மலைக் கிராமங்களில் தூளி கட்டித் தூக்கி வருகிறார்கள் இல்லையா? பாம்பு கடித்தவரை நடக்கவிடாமல் தூக்கி வருவது சரியான காரியம். கூடவே இறுக்கிக் கட்டும் கயிறுதான் கெடுதல்.

எண்களைக் கண்ணால் படிக்காதீர்கள், கையால் படியுங்கள். இதயம் நின்றுபோன பெரியவர்களுக்கு மார்பை அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல். 30 அழுத்தம், 2 ஊதல். முப்பது அழுத்தம் 15 முதல் 18 விநாடியில் முடியவேண்டும். எங்கள் வீட்டில் தலையணையைத் தரையில் போட்டு அவள் அழுத்துவாள், நான் கடிகாரம் பார்ப்பேன். முதல் இருபது ஒழுங்காகப் போகும், கடைசிப் பத்தில் வேகம் விழுந்துவிடும். ஒரு வாரம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. "இருபத்தி ஒண்ணு, இருபத்தி ரெண்டு" என்று வாய் நீளும்போது கையும் அதோடு சேர்ந்து இழுக்கிறது. ஒன்று முதல் பத்து வரை மூன்று முறை எண்ணச் சொன்னேன். அன்றிலிருந்து பதினேழு விநாடி. கட்டில் மேல் மட்டும் பழகாதீர்கள், மெத்தை அமுங்குவதை ஆழம் என்று கை நம்பிவிடும்.

அடிபட்டவருக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று மார்க் போடும் கிளாஸ்கோ நினைவு அளவுகோலில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. மொத்தம் 15. அடி மட்டம் பூஜ்யம் அல்ல, 3. இதில் மார்க் விடுகிறவர்கள் நிறைய.

இங்கிலீஷைப் பற்றி. ஒரு நோட்டு போடுங்கள். இடது பக்கம் நம் ஜனங்கள் சொல்வது, வலது பக்கம் தேர்வுச் சொல். "மூச்சு வாங்குது" என்றால் டிஸ்ப்னியா. "குப்புனு வேர்த்துடுச்சு" என்றால் டயஃபோரிசிஸ். உதடு நீலம் பூத்தால் சயனோசிஸ். இமை தொங்கினால் டோசிஸ். இந்த வரிசையிலேயே எழுதுங்கள். வேலையில் நோயாளி இடது பக்கத்தைத்தான் பேசுவார். ஓசூர், தளிப் பக்கம் வேலை கிடைத்தால் இன்னும் இரண்டு பத்தி தேவைப்படும். தெலுங்கில் "நொப்பி", கன்னடத்தில் "நோவு" என்று சொல்லும் பாட்டிகள் அங்கே எத்தனையோ பேர்.

செய்முறைத் தேர்வில் செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். கையுறை போடுகிறேன், இடம் பாதுகாப்பாக இருக்கிறது, நாடி பார்க்கிறேன். எதிரே இருப்பவர் தாளில் ஒவ்வொன்றாக டிக் போடுகிறார். நீங்கள் மனதுக்குள் செய்தது அவருக்குத் தெரியாது. ஒருநாள் அக்கா மகள், முறிந்த கைக்குக் கட்டுவதுபோல், என் முழங்கைக்குக் கீழே அட்டையை வைத்து, அக்காவின் பழைய துப்பட்டாவால் அவ்வளவு அழகாகக் கட்டினாள். கட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் என் விரல் நுனியெல்லாம் ஊசி குத்துவதுபோல் ஆகி, நகம் வெளுத்திருந்தது. "பாப்பா, விரல் மரத்துப்போச்சு" என்றேன். திரும்பிப் பார்த்தவள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கட்டுவதற்கு முன்னும் பின்னும் நாடி, உணர்ச்சி, அசைவு மூன்றையும் பார்க்கவேண்டும். அதன்பின் அவள் அதை விட்டதே இல்லை.

அப்பாவின் பேச்சுக்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வண்டிகள் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியதிலிருந்து எத்தனையோ பெண்கள் அவற்றில் இரவு வேலை பார்க்கிறார்கள். நடு ராத்திரியில் சித்தேரி மலையிலிருந்து பிரசவ வலியோடு இறங்கும் ஒரு பெண்ணுக்கு, வண்டியில் இன்னொரு பெண் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவரிடம் சொல்லுங்கள். உங்கள் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அம்மாவுக்குத் தெரியும்.

பயிற்சிக்கு உங்களுக்கு ஓர் ஆள் வேண்டும், இல்லையா? இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பாவைக் கூடத்தில் படுக்கச் சொல்லுங்கள். தொடையில் அடிபட்டு ரத்தம் போகிறது, பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு, கையுறையிலிருந்து சத்தமாக ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
அண்ணன்