படுத்துக்கொண்டே டாலர் பார்க்கலாமா?

கேள்வி: வணக்கமுங்க ஐயா. வயது 41, ஊர் அவிநாசி பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் 2008 முதல் 2019 வரை கணக்குப் பிரிவில் இருந்தேன். பேங்கில் டாலர் ரேட் பேசுவது, ஃபார்வர்டு போடுவது (பின்னால் வரும் டாலருக்கு இப்போதே ரேட் பேசி வைப்பது) எல்லாம் என் கையில்தான். அப்புறம் வேலையை விட்டு முழுநேரக் கரன்சி டிரேடிங். 2024-இல் ரூபாய் கான்ட்ராக்டுக்குப் புது விதி வந்ததும், எடுத்து வைத்திருக்கிற கான்ட்ராக்டை முடித்துக்கொள்ளுங்கள் என்று புரோக்கர் சொல்லிவிட்டார். தெரிந்தவர் பேச்சைக் கேட்டு ஒரு வெளிநாட்டு ஆப்புக்கு மாறினேன். அதில் 1,800 டாலர் இருக்கிறது.

மார்ச் கடைசியில் முதுகில் டிஸ்க் ஆபரேஷன். மொத்தம் 3,10,000 ஆனது. இன்சூரன்ஸ் 2,15,000 கொடுத்தது, மீதி 95,000 கையிலிருந்து போயிற்று. ஜூன் முடியும் வரை உட்கார்ந்து வேலை பார்க்கக் கூடாது என்கிறார் டாக்டர். பொழுதுக்கும் படுக்கை, படம், பாட்டு. அப்பா கோபிப் பக்கம் இருந்தவர். பழைய படம் போட்டால் இந்த வாய்க்கால் எங்க ஊரு, இந்தத் தோப்பில்தான் ஷூட்டிங் பார்த்தேன் என்று கதை சொல்வார். ராத்திரி அவருக்கு உடுக்கடிப் பாட்டு, எனக்கு எண்பதுகளின் பாட்டு. பத்து வருஷத்தில் இப்படித் தூங்கியதில்லை. ஆனால் சும்மா கிடக்கிறோமே என்று உறுத்துகிறது.

வீட்டுச் செலவு மாதம் 38,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 22,000. மே மாதம் பாதிதான் வரும். சேமிப்புக் கணக்கில் 70,000, டெபாசிட் 4,00,000 (வட்டி 6.75%). நகைக்கடன் 1,50,000, தனியார் ஃபைனான்ஸில் 11% வட்டி. டெபாசிட்டில் 2 லட்சம் எடுத்து, படுத்தபடியே போனில் யூரோ-டாலர் பார்த்து மாதம் 20,000 எடுக்கலாமா? பையன் 62,000 ரூபாய்க்கு டிவியும் சவுண்ட்பாரும் இஎம்ஐயில் வாங்கலாம் என்கிறான். அதற்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பத்து வருஷத்தில் இப்படித் தூங்கியதில்லை என்ற வரியிலேயே மனசு நின்றுவிட்டது. அந்தத் தூக்கத்தைக் காப்பாற்றுகிற மாதிரிதான் கணக்குப் போட்டிருக்கிறேன்.

ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதச் செலவு 1,14,000. மனைவியின் சம்பளம் 22,000, 11,000, 22,000 என்று 55,000 வருகிறது. துண்டு விழுவது 59,000. நீங்கள் எழுதாமல் விட்டது பிசியோதெரபி. ஒரு தடவைக்கு 500 என்று பன்னிரண்டு தடவைக்கு 6,000 வைத்துக்கொள்வோம். ஆக 65,000. உங்கள் சேமிப்புக் கணக்கில் இருப்பது 70,000. மாதம் 20,000 வீதம் மூன்று மாதத்துக்கு 60,000 சம்பாதிக்கத் துடிக்கிறீர்களே, அந்தப் பணம் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது. கணக்குப் பிரிவில் பதினோரு வருஷம் இருந்தவர் இந்தக் கூட்டலைப் போடாமல் விட்டது, உறுத்தல் கண்ணை மறைத்ததால்தான். இந்தக் கோடைக்கான பணத்தை நீங்கள் எப்போதோ சம்பாதித்து வைத்துவிட்டீர்கள்.

இன்சூரன்ஸும் இன்னும் முடியவில்லை. டிஸ்சார்ஜ் ஆன பிறகு 60 நாள் வரை ஆகும் மருந்து, ஸ்கேன், மறுபரிசோதனைச் செலவைப் பல பாலிசிகள் தரும். சிலவற்றில் பிசியோதெரபியும் சேரும், டாக்டர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் பாலிசியில் எத்தனை நாள் என்று பார்த்து, எல்லா பில்லையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய எம்ஆர்ஐ பில்லைக் கொடுத்தீர்களா? நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.

இனி யூரோ-டாலர். இரண்டு லட்சத்தில் மாதம் 20,000 என்றால் மாதத்துக்கு 10 சதவீதம். உங்களுக்குப் பழகிய ரூபாய்க் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு லாட், அதாவது வாங்கி விற்கும் ஒரு அலகு, 1,000 டாலர். 10 பைசா நகர்ந்தால் 100 ரூபாய். 20,000 சேர அப்படி இருநூறு லாட் அசைவு உங்கள் பக்கம் நிற்க வேண்டும், அதுவும் நட்டப்பட்ட நாளையெல்லாம் கழித்த பிறகு. 2021-22 முதல் 2023-24 வரை பங்குச் சந்தையின் ஃபியூச்சர், ஆப்ஷன் என்ற பின்தேதி ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டதாகப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி சொன்னது. அது கரன்சியைப் பற்றிய கணக்கு இல்லை என்றாலும், கையில் இருப்பதைப் போலப் பல மடங்குக்கு எடுத்து விளையாடும் குணம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

நேரத்தையும் பாருங்கள். கோடையில் லண்டனும் நியூயார்க்கும் சேர்ந்து திறந்திருப்பது நம் கடிகாரத்தில் சாயங்காலம் ஐந்தரை முதல் ராத்திரி ஒன்பதரை வரை. யூரோ-டாலர் அதிகம் ஆடுவது அப்போதுதான். அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் வெளியாவதும் இந்த மாதங்களில் நமக்கு மாலை ஆறு மணிக்கு. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்காலைக் காட்டிக் கதை சொல்கிற நேரமும் அதுதானே? டிவியில் படம் ஓடும், அப்பா பேசுவார், உங்கள் கண் போனில் இருக்கும். முதுகு அசையாமல் இருக்க வேண்டிய நேரத்தில் நட்டத்தைப் பார்த்து உடம்பு விறைக்கும். நரம்பு வலிக்குத் தரும் மாத்திரைகளில் பலவும் தூக்கக் கலக்கமும் மந்தமும் தருபவை. அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட மாட்டீர்கள். ஆர்டரும் போடாதீர்கள்.

இதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அந்த ஆப். 2024 விதியை நீங்கள் பாதிதான் வாங்கிக்கொண்டீர்கள் என்று படுகிறது. ரிசர்வ் வங்கி ஜனவரி 2024-இல் அறிவித்து, மே 3-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது அது. பங்குச் சந்தையில் ரூபாய் சேர்ந்த கரன்சி கான்ட்ராக்ட் எடுப்பவருக்கு நிஜமான டாலர் வரவோ செலவோ இருக்க வேண்டும். 10 கோடி டாலர் வரை அதற்கான தாளைக் காட்ட வேண்டியதில்லை, ஆனால் வரவு செலவு இருந்தே ஆக வேண்டும். ஊகத்துக்காக வந்தவர்களுக்கு அங்கே கதவு சாத்தப்பட்டது. அதனால் வெளிநாட்டு ஆப்பின் கதவு திறந்துவிடவில்லை. அனுமதி பெறாத தளங்களில் அந்நியச் செலாவணி வியாபாரம் செய்வது 1999-ஆம் ஆண்டின் ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி தவறு; சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. ரிசர்வ் வங்கி 2022 முதல் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றையும் வெளியிட்டு வருகிறது. உங்கள் ஆப் அதில் இல்லை என்பதாலேயே அதற்கு அனுமதி இருப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த 1,800 டாலர் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், உங்கள் நகைக்கடனைவிடப் பெரிய தொகை. இனி அதில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். பணத்தை எடுக்க முயலும் முன் ஒரு ஆடிட்டரிடம் போனில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். இந்த மாதிரி ஆப்கள் பணத்தை முன்பின் தெரியாத யாருடைய கணக்கிலிருந்தோ யுபிஐயில் அனுப்பி, அது மோசடிப் பணமாக இருந்து, வாங்கியவருடைய வங்கிக் கணக்கு முடக்கப்படுவது சாதாரணமாக நடக்கிறது. மனைவியின் சம்பளம் வரும் கணக்கை இதில் இணைத்திருந்தால் இன்றே துண்டியுங்கள். வரி கட்டினால்தான் எடுக்க முடியும், இன்னும் கொஞ்சம் கட்டினால் விடுவோம் என்று ஆப்காரன் சொன்னால் அது ஏமாற்று. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். இப்படி ஆகிவிட்டால் அந்தப் பணம் போனதாகவே எழுதிக்கொள்ள வேண்டி வரும். வலிக்கும்தான், ஆனாலும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

டெபாசிட்டுக்கு வேறு வேலை இருக்கிறது. 11 சதவீத வட்டியில் நகை அடமானத்தில் இருக்க, 6.75 சதவீதத்தில் பணம் தூங்குகிறது. வருஷத்துக்கு 16,500 கட்டி 10,125 வாங்குகிறீர்கள். டெபாசிட்டில் 1,50,000 உடைத்து நகையை மீட்டுவிடுங்கள். முன்கூட்டி உடைத்தால் கொஞ்சம் வட்டி குறைப்பார்கள், அதைப் போனில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மாதச் செலவு 1,375 குறையும். நகை வீட்டுக்கு வருவது உங்கள் மனைவிக்கு, என் தங்கச்சிக்கு, எவ்வளவு நிம்மதி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் பையனின் பள்ளிக் கட்டணம் வரும், அதையும் நீங்கள் எழுதவில்லை. அதற்கு 30,000 வைத்தால் டெபாசிட்டில் 2,20,000 நிற்கும். அந்த 1,375 குறைந்த பிறகான செலவுப்படி ஆறு மாதத்துக்கான பணம் அது. அதைத் தொடக் கூடாது.

டிவி இப்போது வேண்டாம். வட்டியில்லா இஎம்ஐ என்பார்கள். பிராசசிங் கட்டணம் இருக்கும், ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும். வருமானம் நின்றிருக்கும் மாதத்தில் புதுத் தவணை ஏறக் கூடாது. அதற்காகப் படத்தையும் பாட்டையும் குறைக்கச் சொல்லவில்லை. ஓடிடி சந்தாவை நிறுத்த வேண்டும் என்று நினைத்திருந்தால் நிறுத்தாதீர்கள். அப்பாவுக்கு உடுக்கையின் அதிர்வு போன் ஸ்பீக்கரில் கேட்காது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுங்கள், சேமிப்பில் மிஞ்சும் 5,000 அதைத் தாங்கும். ஓய்வை டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த மருந்து கசக்காமல் இறங்க ஆகும் செலவை நான் வைத்தியச் செலவில்தான் எழுதுவேன்.

நம் கொங்கு நாட்டில் உழைக்காமல் உட்காருவதை ஊரே பழிக்கும் என்ற பயம் பிறவியிலேயே வந்துவிடுகிறது. தறி நின்றால் வீடு நின்றுபோகும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் உங்கள் உறுத்தல் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் சித்திரையில் நிலத்தைக் காயப் போடும் குடியானவரை யாரும் சோம்பேறி என்று சொல்லிக் கேட்டதில்லை.

ஜூலைக்கு அப்புறம் என்ன? உங்கள் கையில் இருக்கும் சொத்து டிரேடிங் என்றே நினைக்கிறீர்கள். எனக்கு அந்தப் பதினோரு வருஷம்தான் கண்ணில் படுகிறது. 2007-08-இல் வங்கிகள் விற்ற டெரிவேட்டிவ் எனப்படும், கரன்சி விலையை வைத்துப் போடும் சிக்கலான ஒப்பந்தங்களில் மாட்டி, திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலர் நட்டப்பட்டு வழக்கு வரை போனார்கள். அதன் சூடு ஆறுவதற்குள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் நீங்கள். வரப்போகும் டாலருக்கு எப்போது ஃபார்வர்டு போடுவது, எவ்வளவை ஃபார்வர்டு போடாமல் திறந்து விடுவது, பேங்க் ரேட்டில் எத்தனை பைசா எடுக்கிறது என்று பார்க்கத் தெரிந்த ஆள் பெரிய கம்பெனிகளில்தான் இருக்கிறார். திருப்பூரிலும் கரூரிலும் மாதம் ஓரிரு கன்டெய்னர் அனுப்பும் சின்ன யூனிட்டுகளில் முதலாளியே பேங்க் சொன்ன ரேட்டுக்குத் தலையாட்டிவிட்டு வருகிறார். அப்படி மூன்று நான்கு யூனிட்டுகளுக்கு மாதக் கட்டணத்தில், வீட்டிலிருந்தே அவர்கள் டாலர் கணக்கைப் பார்த்துக் கொடுக்கலாம். அவர்களுக்கு நிஜமான டாலர் வரவு இருப்பதால் 2024 விதி அவர்களைத் தடுக்காது. யாருடைய பணத்தையும் வாங்கி நீங்கள் டிரேட் செய்து தருவதாக மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதற்குத் தனிப் பதிவும் அனுமதியும் வேண்டும்.

பழைய கரன்சி ஃபியூச்சர் நட்டம் இருந்தால், அது நம் நாட்டுச் சந்தையில் செய்ததாகவும் ரிட்டர்ன் கெடுவுக்குள் போட்டதாகவும் இருந்தால், எட்டு வருஷம் வரை பின்னால் வரும் தொழில் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் பேசும்போது அதையும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அப்பா, பையன், டாக்டர், புரோக்கர், ஆப் சொன்னவர் எல்லாருடைய பேச்சும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. மே மாதம் பாதிச் சம்பளத்தில் வீட்டை நடத்தப் போகிறவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. அந்த 1,800 டாலர் விஷயம் தங்கச்சிக்குத் தெரியுமா? தெரியாது என்றால் ஆடிட்டரிடம் பேசுவதற்கு முன்பே அவரிடம் சொல்லுங்கள். ஜூலையில் டாக்டர் உட்காரச் சொன்ன பிறகு எனக்கு எழுதும்போது, அவரையும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.