அப்பாவின் ரிசீவர்: முதலில் பழுது, பிறகுதான் ‘அப்கிரேட்’

கேள்வி: அப்பா 1970களில் வாங்கிய சான்சூய் ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த செட்), அவர் மறைந்தபின் பத்து வருடமாக ஸ்டோர் ரூமில் கிடந்தது. போன மாதம் எடுத்துப் போட்டேன். பாட்டு வருகிறது. ஆனால் இடது பக்கம் அடிக்கடி அடங்கிப்போகிறது. வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்கிறது. ஒரு கடையில், எல்லா கெப்பாசிட்டரையும் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகம்) மாற்றி ‘அப்கிரேட்’ செய்தால்தான் சரியாகும், 900 வெள்ளி ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா?
- வாசகர், ஈசூன்

பதில்: தூக்கிப் போடாதீர்கள். 900 வெள்ளியையும் இப்போது கொடுக்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுக்கும் கெப்பாசிட்டர் காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. கரகரப்பு பெரும்பாலும் குமிழுக்குள் படிந்த அழுக்கு. ஒரு பக்கம் அடங்குவது, சுவிட்சிலோ, ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் தானியங்கி சுவிட்சான ரிலேயிலோ தொடுமுனைகள் கறுத்துப்போனதால் இருக்கலாம். நம் சிங்கப்பூர் ஈரக்காற்றில் பத்து வருடம் சும்மா கிடந்தால் கறுக்கத்தான் செய்யும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். செட்டை அணைத்துவிட்டு, பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் வயர்களை இடம் வலமாக மாற்றிப் போடுங்கள். அதே ஸ்பீக்கர்தான் மறுபடி அடங்குகிறது என்றால் குறை ஸ்பீக்கரிலோ அதன் வயரிலோ இருக்கிறது. அடுத்த ஸ்பீக்கருக்கு மாறினால் ரிசீவரில். அப்புறம், டேப் ரெக்கார்டரின் ஒலியைக் கேட்பதற்கென்று இருக்கும் ‘டேப் மானிட்டர்’ சுவிட்சை இருபது தடவை அழுத்தி அழுத்தி எடுங்கள். இதிலேயே ஒலி திரும்பிய செட்டுகள் நிறைய. வால்யூமைக் கூட்டும்போது மட்டும் விட்ட ஒலி சட்டென்று வந்தால் ரிலேயைச் சந்தேகிக்கலாம்.

இதற்கு மேல் நீங்களாகப் போகவேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், அதனால் மூடியைத் திறக்காதீர்கள். வீட்டில் இருக்கும் துருநீக்கி ஸ்பிரேயையும் உள்ளே அடிக்கக் கூடாது. இதற்கென்றே கான்டாக்ட் கிளீனர் இருக்கிறது. இன்னொன்று: நெடுநாள் கிடந்த செட்டை நேராக பிளக்கில் செருகியது ஆபத்து. தெரிந்தவர்கள் ஒரு பழைய இழை பல்பைத் தொடராக இணைத்துத்தான் முதல் தடவை மின்சாரம் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், செட் தப்பித்துவிடும்.

சரி, கெப்பாசிட்டர். உள்ளே திரவம் ஊறிய எலக்ட்ரோலிட்டிக் வகை கெப்பாசிட்டர்கள் ஐம்பது வயதில் உள்ளே காய்ந்து போவது உண்மைதான், அதிலும் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் பக்கத்தில் வெப்பத்திலேயே இருப்பவை. பாட்டு இல்லாதபோதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்களை உடனே பார்க்க வேண்டும். ஆனால் “எல்லாம்” என்று சொல்பவரிடம் “எதை, ஏன்?” என்று கேளுங்கள். அளந்து பார்த்து, கெட்டதையும் கெடப்போவதையும் மாற்றுவது பழுதுபார்ப்பு. நன்றாக இருக்கும் ஃபிலிம் கெப்பாசிட்டர்களை (பிளாஸ்டிக் படலத்தால் ஆனவை)ப் பிடுங்கி விலை உயர்ந்ததைப் போடுவது உங்கள் பணத்தைக் கரைப்பது. 85 டிகிரி தாங்குவதற்குப் பதில் 105 டிகிரி தாங்குவதைப் போடுவது நல்ல மாற்றம்தான், செலவும் அதிகமில்லை. ஃபில்டர் கெப்பாசிட்டரின் கொள்ளளவை இரண்டு மடங்காக்குவது வேறு விஷயம். செட்டைப் போடும் அந்த நொடியில் டயோடுகளுக்கும் ஃபியூஸுக்கும் சுமை ஏறும்.

உற்பத்தி நின்றுபோன ஜப்பானிய டிரான்சிஸ்டர்களின் பெயரில் போலிகள் ஏராளம், அதனால் வேலை செய்கிறதை மாற்ற விடாதீர்கள். கழற்றிய பாகங்களைப் பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். வேலை முடிந்தபின் பயஸ் (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓடும் மின்னோட்டம்), டிசி ஆஃப்செட் (ஸ்பீக்கருக்குக் கசியும் நேர் மின்னழுத்தம்) அளவுகளை எழுதி வாங்குங்கள். ஆஃப்செட் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கருக்குக் கவலையில்லை.

அப்பாவின் ஸ்பீக்கர்களும் இருக்கின்றனவா? கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால், கையில் இருக்கும் காசை முதலில் அங்கே போடுங்கள். வளையத்தை மட்டும் மாற்றலாம், ஸ்பீக்கரையே மாற்ற வேண்டியதில்லை. எந்தக் கெப்பாசிட்டரும் தராத வித்தியாசம் அதில் கேட்கும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து பழைய டியூனர் (ரேடியோ நிலையங்களைப் பிடிக்கும் செட்) ஒன்று வாங்கிவர ஆசை. இங்கே வேலை செய்யுமா?
- வாசகி, தோ பாயோ

பதில்: அங்கே 100 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். அதைவிட முக்கியம் டயல். ஜப்பானுக்கென்று செய்த பழைய டியூனர்களில் பல 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம் தமிழ் வானொலியான ‘ஒலி 96.8’ கேட்கவே முடியாது! டயல் 108 வரை போகிறதா என்று படத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: கடையில் 450 வெள்ளிக்கு வாங்கிய பழைய ஆம்ப்ளிஃபயர் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டது. “பழைய சாமான், பொறுப்பில்லை” என்கிறார்கள்.
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. குறையுள்ள பொருளை விற்ற கடையைப் பொறுப்பாக்கும் ‘லெமன்’ சட்டம் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது; அது பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவந்த குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. பொருளின் வயதும் விலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்பதால் புதுசைப் போல எதிர்பார்க்க வேண்டாம். முதலில் பழுதுபார்த்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள், அதற்கும் மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தனிநபரிடம் ஆன்லைனில் வாங்கியிருந்தால் லெமன் சட்டம் உதவாது. அப்படி வாங்கும்போது நேரில் போய், அரை மணி நேரம் ஓடவிட்டுக் கேட்ட பிறகே பணம் கொடுங்கள்.