குட்டி ஈ போட்டோ போடுங்க, முடிஞ்ச வரைக்கும் பேர் சொல்றேன்

கேள்வி: அக்கா, பாத்ரூம் செவுத்துல இதய ஷேப்ல சாம்பல் கலர்ல ஒண்ணு உக்காந்திருக்கு, அந்துப்பூச்சியா?

பதில்: இல்லப்பா, ஈ தான், உடம்பு பூரா முடி இருக்கறதால அப்படித் தெரியுது. ரெக்கை ஓரத்துல வரிசையா குட்டி வெள்ளைப் புள்ளி இருக்கு பாருங்க, அத வச்சே க்ளாக்மியா அல்பிபங்க்டேட்டானு சொல்லிடலாம். இப்படி போட்டோவுலயே பேர் சொல்ல முடியறது அபூர்வம். புழு ட்ரெயின்ல இருக்கற வழவழ அழுக்குல தான் வளருது, ப்ரஷ் போட்டு தேய்ங்க.

கேள்வி: வாழப்பழத்து மேல செவப்புக்கண்ணு ஈ. ட்ரோசோபிலா மெலனோகாஸ்டர் தானே?

பதில்: ட்ரோசோபிலா, அதாவது குட்டிப் பழ ஈ, அது வரைக்கும் ஓகே, அதுல எந்த இனம்னு கேட்டா நான் வாய் திறக்க மாட்டேன். சிமுலன்ஸ்னு ஒண்ணு அச்சு அசலா இதே மாதிரி இருக்கும், 1919ல ஸ்டர்டிவன்ட்ங்கற ஆராய்ச்சியாளர் பிரிச்சுக் காட்டுற வரைக்கும் லேப்ல தினமும் ஈ வளத்தவங்களே ரெண்டையும் ஒண்ணுனு தான் நெனச்சிட்டு இருந்தாங்க. பொண்ணு ஈய வச்சு பிரிக்கறது ரொம்ப கஷ்டம், ஆண் ஈயோட வால் நுனி உறுப்ப மைக்ராஸ்கோப்புல பாக்கணும். போதாததுக்கு நம்ம ஊர்ல அனனாசேனு இன்னொண்ணும் ஏகப்பட்டது இருக்கு, அதுல ஆணுக்கு வால் பக்கம் கருப்பா இருக்காது.

கேள்வி: மாமரத்துல மெத்தில் யூஜெனால் (ஈய இழுக்கற வாசனை மருந்து) ட்ராப் கட்டினேன், ரெண்டு தினுசா ஈ விழுந்திருக்கு மேடம்.

பதில்: இது எனக்குப் பிடிச்ச கேள்வி. முதல்ல ரெக்கை. முன் ஓரத்துல கருங்கோடு நுனி வரைக்கும் விடாம ஓடுனா பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். கோடு அறுந்து நுனியில மட்டும் ஒரு புள்ளி நின்னா அதே பாக்ட்ரோசெராவுல ஜொனேட்டாவோ கரெக்டாவோ (இதுவும் இனத்தோட பேரு தான்), அப்ப மூஞ்சிய பாக்கணும், ரெண்டு கரும்புள்ளி தனித்தனியா இருந்தா ஜொனேட்டா, குறுக்கால பட்டையா இழுத்த மாதிரி இருந்தா கரெக்டா. மூஞ்சிய யாருமே போட்டோ எடுக்கறதில்ல, எல்லாரும் முதுகத்தான் எடுக்கறீங்க! ட்ராப்ல விழுறது ஆண் மட்டும் தான், பாகற்காய் ஈ இந்த மருந்துக்கு வராது, அதுக்கு க்யூலூர்ங்கற வேற வாசனை மருந்து வைக்கணும்.

கேள்வி: செல்லோடேப்புல ஒட்டி கொரியர் பண்ணவா?

பதில்: ஐயோ வேணாம். ஒருத்தர் அப்படி அனுப்பி நான் பிரிச்சா காலு, முடி எல்லாம் டேப்போட போச்சு, அந்த முடிய எண்ணித்தான் பேரே வைக்கறோம். 70-80% ஆல்கஹால்ல குட்டி பாட்டில்ல போடுங்க, ஊர், தேதி, எதுமேல கெடச்சதுனு பென்சில்ல எழுதி உள்ளயே போட்டுடுங்க, பேனா மை கரைஞ்சிடும். பாத்ரூம் ஈய மட்டும் காய வச்சு தீப்பெட்டியில, ஆல்கஹால்ல முடி கொட்டிடும்.

கேள்வி: தொட்டிச்செடியில கருப்பா கொசு மாதிரி?

பதில்: சியாரிட், ஈர மண்ணுல வளர்ற குட்டி ஈ. ரெக்கை நடுவுல கவட்டை மாதிரி நரம்பு. தண்ணிய குறைங்க.

கேள்வி: கிச்சன்ல பழ ஈ மாதிரியே இருக்கு ஆனா கண்ணு செவப்பு இல்ல, போட்டோ ப்ளர் ஆயிடுச்சு, சாரி அக்கா.

பதில்: பரவால்ல, விரட்டுனா பறக்காம விறுவிறுனு ஓடி, நின்னு, திரும்ப ஓடுதா? முதுகு கூனா? அப்ப ஃபோரிட்ங்கற ஈ குடும்பம். அதுல மெகாசீலியா ஸ்கலாரிஸ்ங்கற இனம்னு சொல்ல கை துறுதுறுங்குது, ஆனா மெகாசீலியாவுல மட்டும் ஆயிரத்துக்கு மேல இனம் இருக்கு. ரெண்டு மூணு புடிச்சு ஃப்ரீசர்ல போட்டு வைங்க, அதுக்கு முன்னாடி அது ஓடுறத ஒரு வீடியோ எடுத்துடுங்க.